மூக்கு நுனியில் இருந்த பார்வை

கைப்பேசி பழுதுபார்க்கும் அந்தக் கடையில் கவுண்டரில் நின்று வாயடிப்பது கணவன். பின்னால் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது மனைவி. ஆட்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். மற்ற கடைக்காரர்கள் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பச்சை நிற சர்க்யூட் போர்டை, அவள் தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு நுனிக்குக் கொண்டுபோய் வெறும் கண்ணால் பார்ப்பாள். எறும்புத் தலையைவிடச் சிறிய பாகமும் பளிச்சென்று தெரியும்.

"மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவா என் சோடாபுட்டி" என்று அவன் பீற்றிக்கொள்வான்.

சோடாபுட்டி. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். நாற்பது தாண்டியும் விடவில்லை. அதை உதறத்தான் கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொள்ளப் போனாள்.

டாக்டரம்மா ஒளிக்காமல்தான் சொன்னார். "தூரத்துல நல்லாத் தெரியும். ஆனா உங்க வயசுக்கு, கிட்டத்துல பாக்கறதுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். பரவாயில்லையா?"

"கிட்டத்துலயா? அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர். அது எனக்குப் பொறந்ததுலேருந்தே நல்லாத் தெரியும்."

கணவனும் சேர்ந்து சிரித்தான். தூரத்தில் தெரியாதது நோய், கிட்டத்தில் தெரிவது வரம் என்றுதான் இருவரும் எண்ணியிருந்தார்கள். நோயை எடுத்தால் வரம் எங்கே போய்விடும்?

சிகிச்சை முடிந்த மறுநாள் ஜன்னலைத் திறந்தவள் எதிர்வீட்டு மரத்தின் இலைகளைத் தனித்தனியாகப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். கடைக்குத் திரும்பியதும் முதல் போர்டை எடுத்தாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றக் கை தானாக மேலே போனது. தன்னையே கேலி செய்துகொண்டு போர்டை மூக்கருகில் கொண்டுவந்தாள்.

வெறும் பச்சைப் புகை.

கண்ணை மூடித் திறந்தாள். அதே புகை. கையை நீட்ட நீட்டப் புகை கலைந்தது. ஆனால் அவ்வளவு தள்ளி வைத்தால் பாகங்கள் எல்லாம் தூசியாக இருந்தன.

"என்ன, போர்டுகூடச் சண்டையா? இவ்ளோ தள்ளிப் புடிச்சிருக்க?" என்றான் கணவன்.

"எனக்குத் தெரியலைங்க."

"என்ன தெரியல?"

"எதுவுமே."

சொட்டு மருந்தின் மயக்கமாக இருக்கும் என்று சில நாள் பார்த்தார்கள். பிறகு டாக்டரிடம் ஓடினார்கள். பரிசோதித்த டாக்டரம்மா, கண் அருமையாக இருக்கிறது என்றார்.

"அப்போ கிட்டத்துல?"

"தூரத்துல தெரியாததும் கிட்டத்துல தெரிஞ்சதும் ஒரே குறைதாம்மா. கண்ணாடியைக் கழட்டினா மூக்குக்கிட்ட அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சுதே, அதுதான் உங்க குறை. அதைத்தான் சரி பண்ணினோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் சோறு போட்டதைக் குறை என்கிறாரே!

"திரும்பி வராதா?"

"வராது. கண்ணாடி போட்டுக்கலாம், மைக்ரோஸ்கோப் வச்சுக்கலாம். கை பழகக் கொஞ்ச நாளாகும்."

இருவரும் நேரே கடைக்கு வந்தார்கள். கடையைத் திறந்ததும் ஒருவர் வந்தார். "அக்கா இருக்காங்களா? இதுல என் வேலை மொத்தமும் இருக்கு."

"இல்லாம எங்க போவா? குடுத்துட்டுப் போங்க, நாளைக்கே பேச வச்சிருவா!" கணவனின் குரலில் வழக்கமான கும்மாளம்.

அவள் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். வேலை நேரத்தில் கண்ணாடி கழற்றியே இருந்ததால், அங்கிருந்து அவன் எப்போதும் ஒரு குரலும் ஒரு சட்டை நிறமுமாகத்தான் இருந்தான். இப்போது பக்கவாட்டு முகம் முழுதாகத் தெரிந்தது. வாய் சிரித்தது. தாடை இறுகியிருந்தது. காதோரம் வேர்வை வழிந்தது. வாங்கிய போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இத்தனை நாளும் இப்படித்தான் நின்றானா, இல்லை இன்றைக்கு மட்டுமா?

எழுந்து கவுண்டருக்கு வந்தாள். அவன் கையிலிருந்த போனை எடுத்து வந்தவரிடமே நீட்டினாள்.

"எனக்குக் கிட்டத்துல தெரியலைங்க. மைக்ரோஸ்கோப் வாங்கி முதல்லேருந்து பழகணும். அவசரம்னா வேற கடையில குடுத்துருங்க."

அவர் போனைக்கூட வாங்காமல் அவள் கண்களையே பார்த்தார். கணவனுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.