ஜெர்மனி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது

இந்த ஊரில் கொத்தமல்லி வாங்கப் போனால் கொத்தமல்லி மட்டும்தான் கிடைக்கும். வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கட்டு எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பச்சை மிளகாயில் இரண்டைக் காட்டி, சும்மா சேர்த்துப் போடம்மா என்று சைகை செய்தேன். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு இரண்டு மிளகாயையும் தராசில் வைத்தார், எடை பார்த்தார், சீட்டு ஒட்டினார், சுத்தமாக விலை சொன்னார். நான் தலையை ஆட்டி மறுபடியும் சைகை செய்தேன். அவருக்குக் கவலை வந்துவிட்டது. நாக்கை வெளியே நீட்டி, கையால் விசிறிக் காட்டி, இது மிகவும் காரம், ஜாக்கிரதை என்று எச்சரித்தார். கொல்லிமலையிலிருந்து வந்த சமையல்காரனுக்கு! இரண்டு மிளகாய்க்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல், இத்தனை வருடத்தில் நின்றபாடில்லை.

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இங்கே ஓர் இந்திய உணவகத்தில் நான் சமையல் செய்கிறேன். என் மனைவி செல்வி மலையில், தேவனூர் நாட்டில், நான் அனுப்பும் பணத்தில் கட்டிய புது வீட்டில் இருக்கிறாள். மிளகுக் கொடியும் மரவள்ளியும் அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுவோம். ஒரு ஞாயிறு, எந்த முன்னுரையும் இல்லாமல், "ஏனுங்க, நம்மூட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கோணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை, ஸ்பீக்கர் ஐந்து இருக்க வேண்டும், அடிச் சத்தத்துக்குப் பெரிய ஊஃபர் தனியாக இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னாள். யார் இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். மலையில் சாயங்காலமானால் பல்பே மின்மினிப் பூச்சி மாதிரி எரியும். இதில் ஊஃபர் ஒரு கேடா?

கேட்டுவிட்டாளே என்று, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மின்சாதனக் கடைக்கு ஒரு விடுமுறை நாளில் போனேன். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன் வெகுநேரம் பொறுமையாக விளக்கினான். பேசிப் பேசி அவனுக்குத் தொண்டை வறண்டிருக்கும். சரி, நம் முறை வந்தது என்று, "லெட்ஸ்டர் ப்ரைஸ்?" என்றேன், கடைசி விலை என்ன என்ற பொருளில். அவன் பதறிப் போய், இல்லை இல்லை, இது கடைசிப் பெட்டி கிடையாது, கிடங்கில் நிறைய இருக்கிறது, அவசரப்படவே வேண்டாம் என்றான். விலையைக் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று நான் மறுபடி சுற்றி வளைத்துச் சொன்னதும் அவன் குரல் தணிந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தாளில் ஏதோ முகவரி எழுதி என் கையில் வைத்தான். வெளியே வந்துதான் விசாரித்தேன். வசதி இல்லாதவர்களுக்காகத் தேவாலயத்தார் பழைய சாமான் விற்கும் இடமாம். அந்தப் பையன் நல்லவன்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இத்தனைக்கும் நான் பேரம் பேசத் தெரியாதவன் அல்ல. மலையை விட்டு வருவதற்கு முன், சோளக்காட்டுச் சந்தையில் எங்கள் மிளகை நான்தான் விற்பேன். வியாபாரி ஒன்று சொல்வான், நான் மூட்டை வாயைக் கட்டுவேன். அவன் ஏற்றுவான், நான் மூட்டையைத் தூக்குவது போலக் குனிவேன். செல்வி அப்போது எனக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எங்கே விலை படியாமல் திரும்பிப் போக வேண்டி வருமோ என்று பயந்துகொண்டு நிற்பாள். "போதுமுங்க, குடுத்துருங்க" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பாள். அந்தச் செல்வியைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு விடுப்பில் போனபோதும் அவளைத்தான் எதிர்பார்த்துப் போனேன்.

இங்கிருந்து பெட்டியைச் சுமந்து போகும் எண்ணத்தை என்னோடு வேலை செய்யும் பஞ்சாபிக்காரர் கைவிட வைத்தார். இந்த ஊர் டிவிடி கருவியில் நம் ஊர் வட்டு ஓடாதாம். எடைக்கு விமானத்தில் தனியாகக் கட்ட வேண்டுமாம். ஆகவே ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே செல்வியும் நானும் பஸ் ஏறிச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினோம். கடைத்தெருவில் சாதிக் பாய் என்பவரின் கடைக்கு நேராக என்னை அழைத்துப் போனாள். "வாங்கக்கா, இன்னிக்கு முடிச்சுருவோமுங்களா?" என்றார் பாய். அந்த வார்த்தையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பாய் என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "சார் எந்த நாடுங்க?" என்று கேட்டார்.

மலைக்காரர்களைப் பார்த்தால் கீழே எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. எங்கள் மலையில் ஊர்களின் கூட்டத்துக்கு நாடு என்று பெயர். தேவனூர் நாடு, எடப்புளி நாடு என்று சொல்வோம். பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவன் நான். "தேவனூர் நாடுங்க" என்றாள் செல்வி. அதே மூச்சில் நான், "ஜெர்மனி" என்றேன்.

பாய் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அப்புடீங்களா! அப்ப சாருக்கு இந்தச் சின்ன செட்டெல்லாம் சரிப்படாதுங்க" என்று, ஆள் உயர ஸ்பீக்கர்கள் நின்ற மூலைக்கு எங்களை நடத்திக்கொண்டு போனார். பிறகு செல்வி கைகாட்டிய சின்ன செட்டுக்கே அவர் சொன்ன விலையைக் கேட்டு அவள் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றாள்.

"இப்பத்தானே குடிச்சோம்?"

"இன்னொன்னு குடிங்க."

எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் கடையை, அதாவது என் பணம் செலவாகப் போகும் கடையை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேசத்தில் பேரம் பேசினால் பிச்சைக்காரன். இன்னொரு தேசத்தில் பேரம் பேசும் இடத்தில் நிற்கவே அனுமதி இல்லை. உள்ளே செல்வி நேராக நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. பாய் கைகளை விரித்தார். அவள் தலையை ஆட்டினாள். திடீரென்று குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். ஐயோ, காரியம் கெட்டதே என்று நான் தெருவைக் கடந்து ஓடினேன். பாயிடமே நேராக விலை கேட்டேன். சொன்னார். மனதுக்குள் யூரோவில் மாற்றிப் பார்த்தேன். நெட்டைப் பையன் சொன்னதைவிட எவ்வளவோ குறைவு. "நல்ல வெலதானே செல்வி? குடுத்துடலாம்" என்று பர்ஸை எடுத்தேன். பாயின் முகம் மலர்ந்தது.

"பர்ச உள்ள வெய்யுங்க" என்றாள் செல்வி. குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். நடுத்தெருவில் நான் பர்ஸோடு நின்றேன்.

வெறுங்கையோடு மலையேறினோம். பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக முனகிக்கொண்டு திரும்பியது. ஒரு நாள் விடுப்பு வீண். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்காசுதானே? கொஞ்சம் கூடப் போனா என்ன?" என்றேன்.

"உங்க காசுதானுங்க. அது தெரியுது" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "தையிலிருந்து, மொளகு விக்கக் கீழ வாரப்பவெல்லாம் அந்தக் கடைக்குப் போயிருக்கறேன். கொஞ்சங் கொஞ்சமா எறக்கி வெச்சிருந்தேன். இன்னிக்கு ஸ்டெபிலைசரும் சும்மா தாரேன்னு சொல்ல வெச்சிருப்பேன். ஒரே வார்த்தையில மறுக்கா மேல ஏத்தியுட்டுட்டீங்க."

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"நாடு எதுன்னு கேட்டாக்க நம்ம நாட்டச் சொன்னா பொய்யாயிருமாக்கும்?"

மடக்கிவிட்டாளே என்ற கோபத்தில், அப்படி என்ன அவசரம், இருக்கிற டிவியில் சத்தம் வரவில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நம்ம பையன் நாமக்கல்லு ஆஸ்டலுக்குப் போயிட்டான். நீங்க அங்க. பகல்ல வேல இருக்குதுங்க, தெரியறதில்ல. பொழுது உளுந்தா ஊடு உம்முனு கெடக்குது. இது ஒண்ணு இருந்தா நாலு சனம் படம் பாக்க வரும். வந்தா உக்காரும். உக்காந்தாப் பேசும்."

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. ஆனால் போனில் நான் எப்போதும் போன் அட்டையில் மீதி இருக்கும் நிமிடங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சாதிக் பாய், அவர் மனைவி, குழந்தைகள். வாசலூர்பட்டி ஏரியில் படகில் போகப் பிள்ளைகள் அடம் பிடித்தார்களாம், அப்படியே வழியில் எட்டிப் பார்த்தார்களாம். வழியில் என்றால், எங்கள் வீடு எந்த வழியிலும் இல்லை. வேனின் பின்னால் அட்டைப்பெட்டி இருந்தது. பேரம் எங்கள் அடுப்படியில் நடந்தது. நான் வெளியே கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன், யாரும் சொல்லாமலே. செல்வி சொன்ன விலைக்கே படிந்தது. ஸ்டெபிலைசர் சும்மா. பாயின் மனைவிக்கு ஒரு பலாப்பழமும் கொஞ்சம் அன்னாசியும் வேனில் ஏறின. ஆளாளுக்கு ஏதோ ஜெயித்த முகத்தோடு இருந்தார்கள்.

பின்பக்க ஸ்பீக்கருக்குச் சுவரோரமாக ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பாய் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். அக்கா அன்னிக்குப் படி எறங்குனதுமே நான் கூப்புட்டிருப்பேன். அதுக்குள்ள நீங்க பர்ச எடுத்துட்டீங்க. எடுத்த பர்சப் பாத்த பொறவு எந்த ஏவாரிங்க கூப்புடுவான்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

விடுப்பு முடிந்து திரும்பி வந்தேன். முதல் ஞாயிறு, மதிய வியாபாரம் ஓய்ந்த நேரம், உணவகத்தின் பின்வாசலில் நின்று போன் அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்தினேன். அங்கே பொழுது விழுந்திருந்தது. எடுத்ததும் ஒரு பேரிரைச்சல். வசனம், வாத்தியம், குழந்தைகளின் கூச்சல். ஊஃபரின் அதிர்வு போனுக்குள்ளும் கேட்டது.

"ஆரு? ஏனுங்க, நீங்களா? ஒண்ணும் கேக்கலீங்க!" என்று கத்தினாள் செல்வி.

"எப்படி இருக்கற?" என்று நானும் கத்தினேன். பாத்திரம் கழுவும் துருக்கிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஊடு நெறைய சனமுங்க! ஒக்காரவே எடமில்ல! படம் முடியட்டும், பொறவு கூப்புடுங்க. இல்ல இல்ல, வெச்சுறாதீங்க. அப்புடியே இருங்க, அடுப்புல பால வெச்சுட்டு வந்தேன், வாரேன்."

போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். படத்தில் ஏதோ வேடிக்கை நடந்தது. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். நடுவில் போன் அட்டைக் கம்பெனிக்காரப் பெண்ணின் பதிவுக் குரல், இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று ஜெர்மனில் அறிவித்தது. மறுபடி சிரிப்பு எழுந்தது. போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அத்தனை சிரிப்பில் செல்வியுடையது எது என்று தேடிக்கொண்டு நின்றேன்.