முத்தையா அண்ணன் பக்கத்துக் கடையில் கரண்ட் வாங்கிய கதை

இத்தனை வருடம் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன். கரண்ட் போனால் கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளித்துவிடலாம். பதறாமல் உட்கார்ந்திருப்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம், மலேசியாவில் நாங்கள் இருக்கும் பாக்கார் ஆராங்கில் எங்கள் கடை வரிசை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கேபிள் கோளாறு, சரியாக மறுநாள் ஆகுமாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முத்தையா அண்ணனின் ஃப்ரீசரில் அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்கான ஆட்டிறைச்சி முழுவதும் இருந்தது. மறுநாள்தான் விருந்து. கறி கெட்டால் சம்பந்தி முன்னால் மானம் போய்விடும். நான் ஓடினேன். அண்ணன் கால்மேல் கால் போட்டுத் தே தாரிக், அதான் நுரைக்க ஆற்றிய டீ, குடித்துக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர் எவ்ளோ சின்ன நாடு தம்பி? லாவோஸ்லேருந்து தாய்லாந்து, மலேசியா தாண்டிக் கரண்ட் வாங்குறான். நான் பக்கத்துக் கடை பாய்கிட்ட வாங்குறேன்லா."

சுவரில் ஓட்டை போட்டு ஒரு வயர் வந்திருந்தது. சட்டப்படி கூடாத வேலை, எவனோ அரைகுறை செய்தது. ஃப்ரீசர் பிளக்கை அதில் மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பாய் இன்னும் ஜெனரேட்டரைப் போடவில்லை போலிருக்கிறது என்றார்.

பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே உறைமீன் விற்கும் கரீம் பாயும் பதறாமல்தான் இருந்தார். ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டேன். சுவரில் இருந்த இன்னொரு வயரைக் காட்டி, முத்தையா அண்ணன் போடுவதற்காகத்தான் காத்திருப்பதாகச் சொன்னார்.

அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் கரண்ட் கொடுப்பதாகப் பேச்சு. அண்ணன் கடை எண்ணெய் டின்களை டீசல் என்று பாய் நம்பியிருந்தார். பாய் கடை ஐஸ் மெஷின் சத்தத்தை ஜெனரேட்டர் என்று அண்ணன் நம்பியிருந்தார். நேரில் கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்று இருவருமே கேட்கவில்லை. அண்ணனிடம் திரும்பி ஓடினேன்.

"ரெண்டு பேருமே சிங்கப்பூர்னா, லாவோஸ் யாருண்ணே?" என்றேன்.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

பாய் தன் லாரியைக் கோலா கெடா மீன்பிடித் துறைக்கு ஓட்டிப்போய் ஐஸ் ஏற்றி வந்தார். அவருடைய மீனும் அண்ணனின் ஆடும் ஒரே பெட்டியில் ராத்தங்கின.

மறுநாள் விருந்தில் சம்பந்தி ஆட்டுப் பிரட்டலை வாயில் வைத்துவிட்டு யோசித்தார்.

"இது ஆடா மீனா, சம்பந்தி?"

"கடலோரம் மேஞ்ச ஆடு, சம்பந்தி," என்றார் அண்ணன்.

சம்பந்தி தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

தம்பிகளே, பக்கத்தில் இருப்பவரிடம் கரண்ட் வாங்குவதில் வெட்கமே இல்லை. ஆனால் அது அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுங்கள். அண்ணன் கேட்டிருந்தால் அந்த ஆடு கடைசிவரை ஆடாகவே இருந்திருக்கும்.