சங்கையா கழுவிய வேர்

எங்கள் மாடுகளுக்குச் சினை ஊசி போட வருகிறவர் சங்கையா அண்ணாச்சி. இருபத்தாறு வருஷமாக வண்டியின் பின்னால், ஊசி மருந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அலைகிறார். இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது.

போன மாசம் ராஜபாளையத்திலிருந்து அனுசியா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் அவரைத் தேடி வந்தாள். ஆலங்குளம் பக்கம் மாமரங்கள் ஏன் பட்டுப்போகின்றன என்று பார்க்க வேண்டுமாம். வடக்கே ஒரு எக்ஸ்ரே மைக்ராஸ்கோப் இருக்கிறது. வேரை அறுக்காமலே சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, சுண்ணாம்பு எங்கே, இரும்பு எங்கே என்று உள்ளும் புறமும் காட்டிவிடுமாம். அந்த மெஷினில் அவளுக்குக் கிடைத்தது மூன்றே நாள். விட்டால் அடுத்த வருஷம்தான். வேரைத் தோண்டிய கையோடு உறைய வைக்க வேண்டும். அந்தக் குளிர் அண்ணாச்சி கேனில்தான் இருந்தது. ஆறு குழாய்களுக்கு நம்பர் போட்டுக் கொடுத்தாள். அண்ணாச்சி ஆறு மரத்தடியில் வேர் தோண்டி, குழாயில் போட்டு உறைய வைத்து அனுப்பினார்.

நேற்று எங்கள் செவலைக்குச் சினை பார்க்க அவர் கையை உள்ளே விட்டிருந்தபோது போன் வந்தது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

“அண்ணாச்சி, நாலு வேர் பாத்தாச்சு. நாலுலயும் பூச்சு பூசுன மாதிரி சுண்ணாம்பு. நம்ப முடியல. நீங்க ஏதும் பண்ணீங்களா?”

“ஒண்ணும் பண்ணலன்னு சொல்லும். எவன் பாத்தான்?” என்றேன் மெதுவாக.

“சும்மா கெடலே வேலுசாமி,” என்றவர், போன் பக்கம் திரும்பினார். “கழுவுனேன் தாயி.”

“எதுல?”

“போர் தண்ணியில. படிச்சவிய பாக்குற பொருள மண்ணும் சகதியுமாவா அனுப்புறது?”

எங்கள் பக்கத்தில் கிழங்கைக்கூடக் கழுவாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். அந்தத் தண்ணீரோ, குடத்தில் கிடந்தால் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு உப்புப் படியும்.

“நாளையோட மெஷின் முடியுது அண்ணாச்சி.”

“இரு. அஞ்சும் ஆறும் கழுவல. வத்திராயிருப்புல மாடு சினைக்குக் கத்துதுன்னு கூப்பிட்டாவ. மண்ணைத் தட்டிப் போட்டுட்டு ஓடினேன். மாடு நமக்காவ காத்துக் கெடக்குமா?”

“அழுக்கா இருக்குன்னு அதைத்தான் ஒதுக்கி வச்சேன்.”

“அதை எடுத்து மெஷின்ல வையி.”

போனை வைத்துவிட்டாள். அண்ணாச்சி கையை வெளியே எடுத்து, உறையைக் கழற்றினார்.

“ரெண்டு வேர் போதுமா அண்ணாச்சி?”

“தெரியலலே. ஒன் செவலைக்கும் சினை நிக்கல. மறுபடி கத்துனா சொல்லு, வாரேன்.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை உதைத்தார்.