மழைக்கும் விடுமுறை

19 அக்டோபர் 2024, சனிக்கிழமை. காலை எட்டரைக்கு எங்கள் பள்ளி வளாகத்து மழைமானியைப் பார்த்து, பதிவேட்டில் அளவை எழுதினேன். பள்ளிக் குமாஸ்தாவான எனக்கு இருபத்தோரு ஆண்டுகளாக அதுவும் ஒரு வேலை.

பத்து மணிக்கு, பருவநிலை ஆராய்ச்சிக்காகப் பழைய பதிவேடுகளைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பெண் வந்தார். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோலை வைத்து, எண்ணை முணுமுணுத்தபடி குறித்துக்கொண்டார். என் கையெழுத்தைப் பாராட்டினார். உள்ளூர மகிழ்ந்தேன்.

மதியம் நிமிர்ந்து, "திருச்சுழிப் பக்கம் மழைக்கும் ஞாயித்துக்கிழமை லீவா, அண்ணாச்சி?" என்று சிரித்தார்.

"அன்னைக்கு நான் வாரதில்லம்மா. பூஜ்யம் போட்டுருவேன். பேஞ்சிருந்தா திங்கக்கிழமை அளவுல சேந்துரும்."

சிரிப்பு நின்றது. "ரெண்டு நாள் மழை ஒரே நாள்ல கொட்டுன மாதிரில்ல ஆயிரும்? அப்பிடிக் கொட்டுறது கூடியிருக்கான்னு பாக்கத்தான் நான் வந்ததே."

கோபப்படவில்லை. தன் தாளில் ஞாயிறு, திங்கள் எண்களையெல்லாம் அடிக்கோல் வைத்தே பென்சிலால் அடித்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புறப்படும்போது, "வாரேன் அண்ணாச்சி" என்றார், காலையில் பேசிய அதே மரியாதையோடு. அது அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எட்டரைக்குப் பள்ளிக் கதவைத் திறந்து, முதலில் மழைமானியிடம் போனேன். ஒரு சொட்டும் இல்லை. பார்த்துவிட்டுப் பூஜ்யம் எழுதினேன்.