பெயர் போடாத குரல்

இரண்டு வருடங்களுக்கு முன், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் குடியிருந்தபோது நடந்தது. என் கழுத்தில் தைராய்டு கட்டி பெரிதாகி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். குரல் நரம்பை ஒட்டியே கட்டி இருக்கிறது, பிறகு குரல் எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். சமைக்கும்போது பாடுவதைத் தவிர நான் எங்கும் பாடியதில்லை. ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாடி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். ஐடி வேலை. பழைய சினிமாப் பாட்டுகளுக்கு சிந்தசைசரில் புது இசை போட்டு, ஒவ்வொரு பாட்டையும் தனக்குத் தெரிந்த ஒருவரை விருந்தினராகப் பாட வைப்பது அவளுடைய பொழுதுபோக்கு. என் சமையலறைப் பாட்டு ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்குமாம். விஷயம் தெரிந்ததும் இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, சர்ஜரிக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு. என் க்ளோசெட்லயே ரெகார்ட் பண்ணிக்கலாம்."

"ஐயோ, எனக்கு வெக்கமா இருக்கும்மா. பேரெல்லாம் போடக் கூடாது."

"போடல. சத்தியமா போடல."

அவளுடைய துணி அலமாரி அறைக்குள், தொங்கிய புடவைகளுக்கும் குளிர் கோட்டுகளுக்கும் நடுவே நின்று பாடினேன். எதிரொலி வராமலிருக்க அதுதான் நல்ல இடமாம். ஹெட்போனில் டும் டும் என்று மெஷின் தாளம். முதலில் அவளைப் பார்க்காமல் கோட்டுகளைப் பார்த்தே பாடினேன். இரண்டாவது சரணத்தில் அவள் எதிரே நிற்பதையே மறந்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. குரல்தான் திரும்பவில்லை. இன்றும் காற்று கலந்த கரகரப்புதான் வருகிறது.

அடுத்த பொங்கல் விழாவில், தமிழ்ச் சங்கத்தார் மதியச் சாப்பாட்டின்போது அவளுடைய பாட்டுகளைப் போட்டார்கள். திரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர் வந்தது. என் பாட்டுக்கு 'விருந்தினர் குரல்' என்று மட்டும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"யாரு பாடறது? ரொம்ப நல்லாருக்கே!"

அவர் கணவர் சிரித்தார். "பேரே போடல பாத்தியா? ஏஐதான் இது. மனுஷங்க பாடியிருந்தா விடுவாங்களா? பேரத்தானே முதல்ல போடுவாங்க!"

மேஜையே சிரித்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. "தண்ணி வேணுமாங்க?" என்று அந்த அம்மாள் டம்ளரை நகர்த்தினார். வாங்கிக் குடித்தேன். மேடையோரம் நின்ற மாடி வீட்டுப் பெண் மைக்கைத் தொட்டுக் காட்டி, சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். இந்தக் கரகரப்போடு எழுந்து நின்றால் யார் நம்புவார்கள்?

குரல் போனதைக்கூட மெல்ல ஏற்றுக்கொண்டுவிட்டேன்; அந்தக் குரல் ஊரார் முன் பாடிய ஒரே மதியத்தில், யாரோ மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.