துணைச் சாரதிகள்

பந்தயக் கார் என்றாலே எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாள் முழுக்க நிற்காமல் ஓடும் பந்தயங்களில் எஞ்சினைவிட டயருக்குத்தான் வேலை அதிகம். வேகமாகப் போகிறவன் டயரைத் தின்றுவிடுவான். டயரைத் தின்றவன் அதை மாற்ற அடிக்கடி உள்ளே வந்து நிற்பான். அவன் நிற்கிற நேரத்தில் இன்னொருவன் முந்திவிடுவான். கடைசியில் பார்த்தால், ரப்பரை மிச்சம் வைத்தவன்தான் முன்னால் இருப்பான். நான் ஒரு டயர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வண்டி உள்ளே வந்ததும் கழற்றிப் போடுகிற டயரின் சூட்டையும் தேய்மானத்தையும் அளந்து, அடுத்த ஜோடி எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட பந்தயம் ஒன்றை முதன்முதலில் எங்கே பார்த்தேன் என்று கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரிலும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஜீப் ஓட்டினார். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவர வேண்டும். அந்த ஜீப்பில்தான் அம்மாவும் போய்வந்தாள். ஏழு பேர் உட்காரும் இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு பேர் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, எல்லார் மடியிலும் தூக்குச்சட்டி.

அந்தப் பந்தயத்துக்கு முந்தின வருடத்துச் சாரலில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் பின்பக்கமாக வழுக்கிப் பள்ளத்தின் ஓரம் வரை போய் நின்றது. டயர் நான்கும் மொட்டை. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பெண்கள் எல்லோரும் ஜீப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புது டயர் போடாமல் ஏறமாட்டோம் என்றார்கள். எங்கெங்கோ அலைந்து பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு புது டயர் போட்டார் மாமா. முன்பக்கம் அதே மொட்டைதான். அடுத்த சாரலுக்குள் அதையும் மாற்றிவிடுவதாக அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

சித்திரை வந்தது, முன் டயர் வரவில்லை. அந்த வருடம் ஊர்த் திருவிழாவில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மைக் செட்டு சொல்லியாகிவிட்டது, கொடி தைத்தாகிவிட்டது. அதனால் மாட்டுக்குப் பதில் ஜீப்பை ஓடவிடுவது என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். காய்ந்த கண்மாய்க்குள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நிற்காமல் ஓட்ட வேண்டும், அதிகச் சுற்று ஓடியவருக்கு முதல் பரிசு. தேனியில் கடை வைத்திருந்த ஒருவர் கொடுத்த அந்தப் பரிசு, ஒரு ஜீப்புக்கு வேண்டிய நான்கு புது டயர்.

அதைக் கேட்டபிறகு மாமாவால் சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நானும் அம்மாவும் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். மலைக்குப் போகிற பெண்கள் எல்லோருமே அங்கேதான் இருந்தார்கள். ஒரு வாரத்து அழுக்கை வெளுக்க அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான். அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து மைக் அலறியது. "தோட்டத்து லைன் ஜீப்பு வழுக்கி வழுக்கி மூணாவதா வருதப்பா! பின் டயரு புகையுதப்பா!"

அம்மா துணியை அப்படியே கல்லில் போட்டாள். "நம்ம டயருடி" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஈரச்சேலையோடு அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். பின்னால் நானும் ஓடினேன்.

மைக் சொன்னது நிஜம்தான். அது ஏன் என்று இன்றைக்கு என்னால் விளக்க முடியும். பதினைந்து பேரைச் சுமப்பதற்காகக் கல் மாதிரி காற்று அடித்த டயர் அது. ஆளில்லாமல் ஓட்டினால் தரையில் படியாமல் துள்ளும், சும்மா சுழலும், சுழலச் சுழலத் தேயும். மற்ற டிரைவர்கள் காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டினார்கள். வண்டி நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் கண்மாய்க்குள் சரளைக்கல் அதிகம். தொங்கிய டயர்கள் பக்கவாட்டில் கிழிந்து, உச்சி வெயிலுக்குள் இரண்டு ஜீப் கரை ஒதுங்கிவிட்டன. மாமா மட்டும் காற்றைக் குறைக்கவில்லை. கிழிந்துவிட்டால் திங்கட்கிழமை மலையேற முடியாது என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. டயர் கிழியவும் கூடாது, பந்தயத்திலும் ஜெயிக்க வேண்டும். அதனால் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

அம்மா நேராகப் போய் ஓடுகிற ஜீப்புக்கு முன்னால் நின்றாள். மாமா பிரேக் போட்டார்.

"ஏலே, யாரு டயர எடுத்து யாருலே தேய்க்கிறது?"

"அக்கா, சும்மா இருக்கா. முன் டயருக்குத்தானக்கா..."

"முன்னுக்கு வாங்குறேன்னு பின்னத் தேய்ப்பியா? அறிவு கெட்டவனே, எறங்குலே!"

கரையில் நின்ற சனம் விசில் அடித்தது. மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுவது போல உட்கார்ந்திருந்தார். அப்போது, ஜீப்பில் எப்போதும் கடைசியாக ஏறும் ஒரு பெரியம்மா பின் டயரைக் குனிந்து பார்த்தாள். எல்லோருக்கும் மூத்தவள், ஆள் நல்ல கனம். "இவன் ஓட்டிப் பழகுனது நம்மள வச்சுக்கிட்டுத்தான? வெறும் வண்டி துள்ளத்தான் செய்யும். ஏறுங்கடி" என்றாள்.

கமிட்டிக்காரர் மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஆத்தா, பந்தயத்துக்குள்ள ஆள் ஏறக்கூடாது!"

"மாட்டுவண்டிப் பந்தயத்துல சாரதிக்குத் துணைக்கு ஒருத்தன் கூடவே வரலையா? நாங்க துணைச் சாரதி."

"துணைச் சாரதி ஒரு ஆளுதானத்தா!"

"ஒரு ஆளுன்னு எங்கன சொன்னாக? மைக்குல சொன்னாகளா?"

கமிட்டிக்குள் பேசினார்கள். மாட்டுப் பந்தய விதிதான் ஜீப்புக்கும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். துணைக்கு எத்தனை பேர் வரலாம் என்று எந்த வருடமும் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. அவர்கள் பேசி முடிப்பதற்குள் பெண்கள் தினமும் உட்காரும் அதே இடங்களில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா என்னைத் தூக்கி முன்பக்கம் மாமாவுக்கும் தனக்கும் நடுவில் திணித்தாள். "தேயுதான்னு நானே இருந்து பாக்குறேன். ஓட்டுலே."

ஜீப் அமுங்கிக் கிளம்பியது. முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. வழுக்கவில்லை. டயர் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மலைப்பாதையில் போவதுபோலவே நிதானமாகப் போயிற்று. வேகமில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. முந்திப் போன ஜீப் ஒன்று டயர் வெடித்து ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தபோது அதைக் கடந்தோம். இன்னொன்றுக்கு மாற்ற ஸ்டெப்னியே இல்லை. மைக்கில் குரல் மாறிவிட்டது. "துணைச் சாரதிகளோட தோட்டத்து ஜீப்பு ரெண்டாவதா வருதப்பா!" நான் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரையில் நின்று கை காட்டினார்கள். எங்களுக்கு முன்னால் வருசநாட்டிலிருந்து வந்த ஜீப் ஒன்றுதான் மிச்சம். அதைப் பிடித்துவிட்டால் நான்கு டயரும் எங்களுக்கு.

"அம்மா, கத்தும்மா" என்று திரும்பினேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பார்த்தேன். எல்லோருமே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தோளில் இன்னொருத்தி சாய்ந்து, மேலே கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, ஜீப் குலுங்கிய பக்கமெல்லாம் தலைகள் மொத்தமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. ஏறச் சொன்ன பெரியம்மாதான் எல்லோரையும்விட ஆழ்ந்து தூங்கினாள். வெயில், புழுதி, மைக் எதுவும் அவர்களை எழுப்பவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தயத்தில் யாராவது தூங்குவார்களா?

பொழுது சாய்ந்ததும் கொடி இறங்கியது. வருசநாட்டு ஜீப் எங்களுக்கு ஒரு சுற்று முன்னால். டயர் நான்கும் அவர்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கு இரண்டாம் பரிசு ஒரு மின்விசிறி. எல்லா வண்டியும் நின்றுவிட்டது. மாமா மட்டும் நிறுத்தவில்லை. கியரைக் குறைத்து, கல்லை விலக்கி விலக்கி, கரையோரமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். "முடிஞ்சு போச்சப்பா, வண்டிய நிறுத்து!" என்று மைக்கில் சொன்னார்கள். தோற்றதில் மூளை குழம்பிவிட்டதாகச் சனம் சிரித்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"மாமா, டயரு தேயுது!" என்றேன். இந்த டயருக்காக இவ்வளவு சண்டை நடந்ததே, இவருக்கு அதுகூடவா மறந்துபோயிற்று?

"தேயட்டும் தாயி" என்றார் குரலைத் தாழ்த்தி. "வண்டி நின்னா முழிச்சுக்கிருவாக."

இன்னொரு சுற்று வந்தோம். கரையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டு எங்கள் ஜீப்பைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் கண் விழிக்கும் முன்னே மலைக்குப் போய்விடுகிறவள், நான் தூங்கிய பிறகே படுக்கிறவள். அவள் தூங்கி அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. தூக்கம் வந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கவேண்டியதுதானே, எதற்கு இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடினேன்.