கூண்டு இடித்த நாள்

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் சண்டை வரும். ஆனால் மெத்தை அண்ணன் வீட்டில் சண்டை வந்தால்தான் ஊருக்கே வயிறு கலங்கும்.

அவர் சுரங்கத்தில் கூண்டை இயக்குகிறவர். குழிக்குள் எங்களை இறக்குவதும் வேலை முடிந்ததும் ஏற்றுவதும் அவர் கைதான். இன்ஜின் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கூண்டு கண்ணில் படாது. கம்பி வடம் சுற்றும் பெரிய உருளையில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பிரேக்கைப் பிடிக்க வேண்டும். மணி ஒரு தடவை அடித்தால் கரி, மூன்று தடவை அடித்தால் ஆட்கள். கரியை எப்படி வேண்டுமானாலும் போடலாம். ஆட்களை இவர் இறக்கினால் கூண்டு தரையைத் தொட்டதே தெரியாது. அதனால்தான் மெத்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

ஊர் என்று சொல்கிறேனே தவிர, குழி தோண்டும்வரை இங்கே ஊரே கிடையாது. வெறும் புல்மேடு. கரி கிடைத்ததும் கம்பெனி இரண்டு வரிசை வீடுகள் கட்டியது, நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் யாரும் உறவில்லை. தினமும் ஒரே கூண்டில் ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல் பட நின்றதில் உறவு தானாக ஒட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெருவில் இருந்த ஆண்களெல்லாம் மாமாதான். குழிப்பக்கமிருந்து கரித்தூளோடு காற்று திரும்பினால் முதலில் பார்த்தவள் குரல் கொடுப்பாள், அடுத்த நிமிடம் தெரு முழுக்கக் கொடிகளில் துணி இருக்காது.

அண்ணனுக்குக் கைதான் மெத்தை, வாய் முள். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, அதற்குச் சளைத்தவர் இல்லை. தையல் மிஷின் வைத்திருந்தார். மண்டியிட்டுக் கரி வெட்டுகிறவர்களுக்கு முதலில் கிழிவது கால்சட்டையின் முட்டிதான். ஊரில் அக்கா ஒட்டுப் போடாத முட்டியே இல்லை.

அவர்கள் சண்டை போட்ட காலையில் கூண்டு ‘தொம்’மென்று இடிக்கும். ஆபத்தொன்றும் இல்லை, குடல் மட்டும் தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பும். கீழே கதவு திறக்கும் பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்டுல சண்டையா?” என்பார்.

அன்று சாயங்காலம் இரண்டு மூன்று பேர் அக்காவிடம் தூது போவோம். கிழிந்த கால்சட்டைதான் சாக்கு. கிழியாவிட்டால் கிழித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நாங்கள் இழுத்து இழுத்துப் பேசுவோம், அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்பார்.

“நான் விட்டுக் குடுக்கிறேன்பா. ‘தப்பு என் மேல’ன்னு ஒரே ஒரு தடவை அவர் வாயால சொல்லட்டும்.”

உள்ளறையில் அண்ணன் இருமுவார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும். கடைசியில் எங்கள் வயிற்றுக்காக அக்காவே இறங்கி வருவார். இத்தனை வருஷத்தில் அண்ணன் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கூண்டு எப்போதையும்விடப் பலமாக இடித்தது. பெரியவர் வழக்கம்போலக் கேட்டார், நாங்களும் சிரித்தோம். சாயங்காலம் யார் போவது என்றுகூட முடிவு செய்துவிட்டோம். மதியமே செய்தி வந்தது. அக்கா மிஷின் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் வேலைக்கு வந்தார், ஆனால் பாதி வேலைக்குத்தான். ஒரு மணி அடித்தால் கரியை இழுப்பார். மூன்று மணி அடித்தால் எழுந்து, மாற்று ஆளுக்கு இடம் விட்டுவிடுவார். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, “ஆளுங்கள என் கையில குடுக்காதீங்க” என்றாராம். மேனேஜர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். ஆட்களை இறக்காதவருக்கு அந்த வேலையும் இல்லை, கம்பெனி வீடும் இல்லை. அக்காவின் மிஷின் இருக்கிற வீட்டை விட்டால் அந்த மனிதர் எங்கே போவார் என்று எங்களுக்கு மனசு அடித்துக்கொண்டது.

மாற்று ஆள் நல்ல பையன். நாங்கள் அவனிடம் பேசினோம். மறுநாள் காலை நாங்கள் கூண்டில் ஏறி நின்றதும் அவன் டீ குடிக்கப் போய்விட்டான். மணி மூன்று தடவை அடித்தது. கூண்டு அசையவில்லை. மணி அடிப்பவரை இன்னொரு தடவை மூன்று அடிக்கச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கூண்டை விட்டு யாரும் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கி இறங்க ஆரம்பித்தது. கீழே போய் ‘தொம்’மென்று இடித்தது.

பெரியவர் கதவைத் திறந்தார். “வீட்டுல சண்டையா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் யாரும் சொல்லாமலே மூன்று பேர் அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். என் கையில் கிழிந்த கால்சட்டை இருந்தது. அதை எதற்கு எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

“காலையில இடிச்சிருச்சுல்ல?” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணே. அதான் அக்காகிட்ட ஒரு வார்த்தை...” பாதியில் நிறுத்திவிட்டுக் கால்சட்டையை நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. கால்சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். மிஷினில் தூசி ஒரு துளி இல்லை. கால்சட்டையை அதன் மேல் விரித்து, கிழிந்த முட்டியைக் கையால் நீவிக்கொண்டே நின்றார்.

“அன்னைக்குக் காலையில நெஞ்ச வலிக்குது, போகாதீங்கன்னு சொன்னா. எப்பப் பாரு உனக்கு இதே வேலைன்னு கத்திட்டு வந்துட்டேன்.”

அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மிஷினைப் பார்த்துத்தான் சொன்னார்.

“தப்பு என் மேலதான்.”

மறுநாள் கதவு திறந்து, பெரியவர் இறங்கச் சொன்ன பிறகும் நாங்கள் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தோம். தரை தொட்டது எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.